பதினெட்டு நாள் திறந்த கதவு

விருந்தினரை அழைப்பது வீட்டுக்காரரின் உரிமை என்றே நம் முன்னோர் கருதிவந்தனர். யாரை அழைப்பது, எத்தனை நாள் தங்கவைப்பது, எப்போது வழியனுப்புவது என்பவையெல்லாம் அழைப்பவரும் வருபவரும் தமக்குள் முடிவுசெய்துகொள்ளும் காரியங்கள். ஆனால் நண்பரோ மணம் பேசப்பட்டவரோ வேறொரு நாட்டின் குடிமகனாயிருந்தால், இவ்விருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் வந்து அமர்ந்துகொள்கிறார். அவர் அரசு. இவர் உமக்கு என்ன உறவு, எத்தனை ஆண்டுப் பழக்கம், திரும்பிப் போவார் என்பதற்கு என்ன சான்று என்று அவர் வினவுகிறார். விடை மனநிறைவு தராவிட்டால் கதவு திறப்பதில்லை. ஏன் திறக்கவில்லை என்பதும் பல வேளைகளில் சொல்லப்படுவதில்லை.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள் நம் பங்குகளில் பல உள்ளன. விசா என்னும் சொல் அவர்களுக்கு விளக்கம் வேண்டாத சொல். எனினும் இந்த ஏற்பாடு எப்போது தோன்றியது, எவ்வாறு நிலைபெற்றது, மனித உறவை அது எவ்வாறு அளக்கிறது என்பவற்றை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அச்சிந்தனைக்கு ஐரோப்பாவின் ஒரு நகரத்தில் 1963-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நிகழ்ந்ததை இங்கே எடுத்துக்கொள்வோம்.

தற்காலிகம் நிரந்தரமான கதை

முதல் உலகப் போருக்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டின்றிப் பயணம் செய்ய இயன்றது. உருசியாவும் துருக்கியப் பேரரசும் விதிவிலக்குகள். 1914-க்கு முன் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கடவுச்சீட்டே இல்லாமல் சென்றுவந்ததாக ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் ஸ்வைக் தம் நினைவுநூலில் பதிவு செய்துள்ளார். அந்தத் திறந்த உலகம் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று எண்ணிவிடலாகாது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழ்த் தொழிலாளர்க்குத் தகரச் சீட்டு இருந்தது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அது சொன்னது. வசதி படைத்தோருக்குக் கடவுச்சீட்டு வேண்டாத காலத்திலும் ஏழையின் நடமாட்டம் எண்ணிடப்பட்டே இருந்தது.

1914-இல் போர் மூண்டது. ஒற்றரைத் தடுக்கவும், படைக்குரிய இளைஞர் நாட்டைவிட்டு வெளியேறாமல் காக்கவும் அரசுகள் எல்லைகளில் சீட்டுக் கேட்கத் தொடங்கின. போர் முடிந்ததும் இது நீங்கிவிடும் என்றே பலரும் நம்பினர். 1920 அக்டோபரில் பாரிசில் கூடிய உலக நாடுகள் சங்கத்தின் மாநாடு, போருக்கு முந்திய நிலைக்குத் திரும்புவதே விரும்பத்தக்கது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குக் காலம் கனியவில்லை என்று கூறி, 32 பக்கங்கள் கொண்ட ஒரே வகைக் கடவுச்சீட்டுப் புத்தகத்தைப் பரிந்துரைத்துக் கலைந்தது. அந்தக் காலம் பின்னர்க் கனியவேயில்லை. அதே 1920-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட கடவுச்சீட்டு (இந்தியாவுக்குள் நுழைவு) சட்டம், 2025-இல் புதிய குடிநுழைவுச் சட்டம் வரும்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையிலிருந்தது. அச்சத்தின் காலத்தில் கட்டிய வேலியை அமைதியின் காலத்தில் எவரும் பிரிப்பதில்லை என்பதற்கு வரலாறு தரும் தெளிவான சான்றுகளுள் இது ஒன்று.

வேலி மனித உறவுக்குள்ளும் புகுந்தது. 1947 பிப்ரவரியில் சோவியத் அரசு தன் குடிமக்கள் அயல்நாட்டாரை மணப்பதையே சட்டத்தால் தடைசெய்தது. முன்னரே மணம் முடித்த அயல்நாட்டுக் கணவரோடு சேர்ந்து வாழ வெளியேற முடியாமல் உருசியப் பெண்கள் சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஸ்டாலின் இறந்த 1953-இல்தான் அத்தடை நீங்கியது.

ஒரு நகரம், இரண்டு உலகங்கள்

1961 ஆகஸ்டு 13. ஞாயிற்றுக்கிழமை. பெர்லின் மக்கள் கண்விழித்தபோது நகரின் நடுவே முள்கம்பி இழுக்கப்பட்டிருந்தது. கம்பி சில நாள்களில் சுவராயிற்று. நகரின் கிழக்கையும் மேற்கையும் பிரித்த பகுதி மட்டும் ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளம். அதுவரை நாள்தோறும் பல்லாயிரவர் வேலைக்கும் கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் இப்புறமும் அப்புறமும் போய்வந்தனர். ஒரே தெருவில் தாய் கிழக்கிலும் மகள் மேற்கிலுமாய் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு.

ஆகஸ்டு 23 முதல் மேற்குப் பெர்லின் மக்கள் கிழக்கே செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும் என்று கிழக்கு ஜெர்மனி அறிவித்தது. அச்சீட்டை வழங்க மேற்குப் பெர்லினின் தொடர்வண்டி நிலையங்களில் அலுவலகங்களையும் திறந்தது. தங்கள் மண்ணில் அயல் அரசொன்று அலுவலகம் நடத்துவதை ஏற்க மாட்டோம் என்று மேற்கத்திய நேச நாடுகள் கூறவே, அவை உடனே மூடப்பட்டன. இருபுறமும் கொள்கையில் உறுதியாயிருந்தன. நடுவில் நின்ற மக்களுக்கு வழி அடைபட்டது.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கரோ பிரெஞ்சுக்காரரோ கிழக்குப் பெர்லினுக்குச் சென்றுவரலாம். மேற்கு ஜெர்மனியின் குடிமக்களும் ஒரு நாள் சீட்டுப் பெற்றுச் செல்லலாம். அடுத்த தெருவில் வாழ்ந்த மேற்குப் பெர்லின்காரர் மட்டும் செல்லலாகாது. நகரின் இரு பகுதிகளுக்கும் இடையிலான தொலைபேசித் தொடர்போ 1952-ஆம் ஆண்டிலேயே துண்டிக்கப்பட்டிருந்தது. ஆகவே மக்கள் சுவரருகே மேசையோ ஏணியோ போட்டு ஏறி நின்று கைக்குட்டையை அசைத்தனர். மணக்கோலத்தோடு வந்து, அப்புறத்தில் சன்னலருகே நின்ற பெற்றோருக்குக் கையசைத்து ஆசி பெற்ற இணைகளின் நிழற்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. பிறந்த குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினர். இப்படியே ஏறத்தாழ இருபத்தெட்டு மாதங்கள் கழிந்தன.

திருஅவையும் இதனின்று தப்பவில்லை. பெர்லின் மறைமாவட்டம் ஒன்றே. ஆனால் அதன் நடுவே சுவர் சென்றது. எட்விக் பேராலயம் கிழக்கில் இருந்தது. சுவர் எழுந்த அதே ஆகஸ்டு மாதத்தில் ஆயராக நியமிக்கப்பட்ட ஆல்பிரெட் பெங்ஷ் கிழக்கில் தங்கினார். மேற்கிலிருந்த தம் மக்களைச் சந்திக்க மாதத்தில் சில நாள்கள் மட்டுமே அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆயர் தம் மந்தையைக் காண அரசின் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயினும் மறைமாவட்டத்தை இரண்டாகப் பிரிக்க உரோமை இசையவில்லை. 1967-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட அவர், 1979-இல் இறக்கும்வரை இரு பகுதிகளுக்கும் ஒரே ஆயராக விளங்கினார்.

கையொப்பமிடலாமா?

1963 டிசம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மன் அரசிடமிருந்து மேற்குப் பெர்லினின் ஆளும் மேயர் வில்லி பிராண்டுக்கு ஒரு மடல் வந்தது. கிறிஸ்மஸ் நாள்களில் மேற்குப் பெர்லின் மக்கள் கிழக்கிலுள்ள உறவினரைக் காண அனுமதிச்சீட்டு வழங்குவதுபற்றிப் பேசலாம் என்றது அது. மேற்கே ஹார்ஸ்ட் கோர்பரும் கிழக்கே எரிஷ் வெண்டும் பேச்சு நடத்தினர். ஏழு சுற்றுகள் பேசினர்.

கேட்பதற்கு எளிய காரியம், உண்மையில் கடினமானது. கிழக்கு ஜெர்மனியை ஒரு நாடாகவே மேற்கு ஜெர்மனி ஏற்கவில்லை. அதன் அதிகாரியோடு ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டால், அதை நாடாக ஏற்றதாகாதா? சுவரையே எல்லை என்று ஒப்புக்கொண்டதாகாதா? சுவரைத் தாண்ட முயன்று உயிரிழந்தோருக்கு என்ன விடை சொல்வது? பான் நகரில் இவ்வாறு கேட்டவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அநீதியோடு செய்யும் சிறு உடன்பாடும் அநீதிக்கு வலிமை சேர்க்கும் என்பது பொய்யன்று.

பிராண்டின் கருத்து வேறாக இருந்தது. சுவரை இன்று இடிக்க நம்மால் இயலாது. ஆனால் அதில் ஒரு துளையிட இயலும். முதிய தாய் அடுத்த கிறிஸ்மஸ்வரை உயிரோடிருப்பாளா என்பது எவருக்கும் தெரியாது. கொள்கைக்குப் பொறுமை உண்டு. மனித வாழ்வுக்கு அந்தப் பொறுமை இல்லை. இதனையே பின்னாளில் சிறு அடிகளின் அரசியல் என்று அழைத்தனர்.

தீர்வு வியப்பானது. டிசம்பர் 17-ஆம் நாள் கையொப்பமான உடன்பாட்டில், இடங்கள், அதிகார அமைப்புகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் பெயர்களில் இரு தரப்பாரும் ஒருமித்த கருத்துக்கு வர இயலவில்லை என்ற வாசகமே எழுதப்பட்டது! நகரின் பெயரில்கூட இசைவு இல்லை. அதனை மறைக்காமல் எழுதிவிட்டு, அரசியல் நிலைப்பாடுகள் எவ்வாறிருப்பினும் இந்த மனிதாபிமானக் காரியம் நடக்கட்டும் என்று இருவரும் ஒப்பமிட்டனர். கருத்து வேறுபாட்டைத் தீர்த்தபின்புதான் உறவாட வேண்டும் என்பதில்லை. வேறுபாட்டை ஒளிக்காமல் ஒதுக்கிவைத்தும் உறவாடலாம் என்பதற்கு இதைவிட நேர்மையான ஆவணம் அரிது.

வரிசையில் நின்ற நகரம்

டிசம்பர் 18-இல் மேற்குப் பெர்லினின் பன்னிரு வட்டாரங்களிலும் பள்ளிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் அலுவலகங்கள் திறந்தன. கிழக்கிலிருந்து வந்த அஞ்சல்துறை ஊழியர் விண்ணப்பங்களைப் பெற்றுக்கொண்டனர். டிசம்பர்க் குளிரில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம்.

டிசம்பர் 19 முதல் 1964 சனவரி 5 வரை, பதினெட்டு நாள்கள், ஐந்து கடப்பிடங்கள் திறந்திருந்தன. காலையில் சென்று நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். ஏறத்தாழ 22 இலட்சம் மக்கள் வாழ்ந்த மேற்குப் பெர்லினிலிருந்து ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர். சென்றுவந்த முறைகள் ஏறத்தாழ 12 இலட்சம். காப்பித்தூளும் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும் நிறைந்த பைகளோடு சென்றனர். இரண்டு ஆண்டுகளில் பிறந்த பேரக்குழந்தைகளைப் பாட்டிகள் முதன்முறையாகத் தொட்டுப் பார்த்தனர். போரில் சிதைந்து புதுப்பிக்கப்பட்ட எட்விக் பேராலயம் அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் அருள்பொழிவு செய்யப்பட்டிருந்தது. மேற்கின் கத்தோலிக்கர் தங்கள் சொந்தப் பேராலயத்தைக் காண இந்நாள்களே வாய்ப்பளித்தன. அதுவும் கிழக்கில் உறவினர் இருந்தோர்க்கே.

அதே நாள்களில் சுவர் தன் வேலையை மறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் 25-ஆம் நாள் கிழக்கிலிருந்து தப்பிவர முயன்ற பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டு உயிரிழந்தார். ஒருபுறம் கதவு திறந்திருந்த நேரத்தில் மறுபுறம் துப்பாக்கி பேசியது. மேற்கிலிருந்து கிழக்கே செல்வோருக்கு மட்டுமே அக்கதவு.

யார் உறவினர்?

இவ்வுடன்பாட்டில் நம் சிந்தனைக்குரிய பகுதி இன்னொன்று உண்டு. சீட்டு உறவினரைக் காண்பதற்கு மட்டுமே. உறவினர் யார் என்று ஆவணம் பட்டியலிட்டது: பெற்றோர், பிள்ளைகள், பாட்டன் பாட்டியர், பேரர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், உடன்பிறந்தாரின் பிள்ளைகள், இவர்களுடைய வாழ்க்கைத் துணைவர், மேலும் பிரிந்து வாழும் கணவனும் மனைவியும். அவ்வளவே.

நம் குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். பெரியப்பா மகன் இப்பட்டியலில் இல்லை. மாமன் மகள் இல்லை. திருமுழுக்கில் நம்மைக் கையிலேந்திய ஞானத்தாயும் ஞானத்தந்தையும் இல்லை. மணம் உறுதி செய்யப்பட்டு ஓலை வாசிக்கும் நாளுக்குக் காத்திருந்த இணைகளுக்கு இடமில்லை. நாற்பதாண்டு நண்பருக்கு இடமில்லை. போர்க்குண்டு விழுந்த இரவில் ஒரே நிலவறையில் உயிர் பிழைத்த அண்டை வீட்டாருக்கு இடமில்லை. பல ஆண்டுகள் கடிதம்கூட எழுதாத அத்தைக்கு இடமுண்டு. நாள்தோறும் நினைத்துக் கண்ணீர் சிந்தும் காதலிக்கு இல்லை.

இதனைக் கிழக்கு ஜெர்மனியின் கொடுமை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. உறவை அளந்து அனுமதி தரும் எந்த அரசும் எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். இரத்த உறவையும் திருமணத்தையும் தாளில் மெய்ப்பிக்கலாம். நட்பையும் காதலையும் எந்தப் பதிவேட்டில் காட்டுவது? 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் உலகெங்கும் எல்லைகள் மூடப்பட்டபோது இதே வினா மீண்டும் எழுந்தது. பல நாடுகளில் திருமணமானோர் துணைவரிடம் செல்ல முடிந்தது. மணமாகாத இணையர் சுற்றுலாப் பயணியரோடு சேர்த்து வெளியே நிறுத்தப்பட்டனர். டென்மார்க் முதலில் உறவுக்குச் சான்றாக நிழற்படங்களையும் குறுஞ்செய்திகளையும் காட்டச் சொல்லி, கண்டனம் எழுந்தபின் அதைத் தளர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெர்மனியும் வழிவிட்டது. திருமணத்தின் புனிதத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும் திருமணத்திற்கு முன் ஒருவரையொருவர் நேரில் கண்டு அறிந்துகொள்ளவும், இரு குடும்பங்கள் ஒரே மேசையில் அமர்ந்து பேசவும் வாய்ப்பில்லாமற் போனால், நல்ல திருமணம் எங்கிருந்து பிறக்கும்?

சிறு அடிகள் சென்ற தொலைவு

1964 சனவரி 5 நள்ளிரவில் கதவு மூடியது. எதிர்த்தவர்கள் கூறியது போலவே நடந்ததாகத் தோன்றியது. ஆனால் 1964 செப்டம்பரில் இரண்டாம் உடன்பாடும், 1965-லும் 1966-லும் மேலும் இரண்டும் வந்தன. 1964 நவம்பர் முதல் கிழக்கின் ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மேற்கே சென்றுவரலாயினர். 1966-இன் பெந்தகோஸ்துப் பெருவிழாவுக்குப் பின் பேச்சு முறிந்தது. அதன்பின் பிறப்பு, திருமணம், கடும் நோய், இறப்பு போன்ற அவசரக் குடும்பக் காரியங்களுக்கு மட்டுமே சீட்டு. உயிரோடிருக்கும் தாயைக் காண வழியில்லை; அவள் சாகக் கிடக்கிறாள் என்றால் வழி உண்டு. 1971-இல் நான்கு வல்லரசுகள் பெர்லின்பற்றிச் செய்த உடன்பாடு 1972 சூன் மாதம் நடைமுறைக்கு வந்தபின்னரே மேற்குப் பெர்லின் மக்கள் ஆண்டில் முப்பது நாள்வரை சென்றுவர முடிந்தது. அப்போது உறவினர் என்ற நிபந்தனையும் தளர்ந்தது.

1975 ஆகஸ்டு முதல் நாள் எல்சிங்கியில் 35 நாடுகள் ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டன. அவற்றுள் திருப்பீடமும் ஒன்று. திருத்தந்தையின் பெயரால் ஒப்பமிட்டவர் பேராயர் அகுஸ்தீனோ கசரோலி. குடும்பத்தினர் சந்திக்கவும், பிரிந்த குடும்பங்கள் சேரவும், வெவ்வேறு நாட்டுக் குடிமக்கள் மணந்துகொள்ளவும் தரப்படும் விண்ணப்பங்களை நல்லெண்ணத்தோடு ஆராய்வதாக அந்நாடுகள் அதில் வாக்களித்தன. சட்டக் கட்டாயம் இல்லாத வாக்குறுதிதான். எனினும் கிழக்கு ஜெர்மானியர் பலர் தங்கள் விண்ணப்பங்களில் அதனையே சுட்டிக்காட்டத் தொடங்கினர். தன் ஒப்பம் தாங்கிய தாளைத் தன் குடிமகனே எடுத்துக் காட்டும்போது எந்த அரசுக்கும் சங்கடமே.

1989 நவம்பர் 9-ஆம் நாள் சுவர் திறந்தது. மேற்கு ஜெர்மனியினரும் மேற்குப் பெர்லின் மக்களும் விசா ஏதுமின்றிக் கிழக்கே செல்லலாம் என்ற ஏற்பாடு அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதல் சீட்டு வழங்கப்பட்டதிலிருந்து ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில், சீட்டே வேண்டாததாயிற்று.

நம் கடலில் ஓர் இடைவெளி

இத்தகைய ஏற்பாடு நமக்கும் புதிதன்று. 1974-இல் கச்சத்தீவுபற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணியரும் முன்போலவே தீவுக்குச் சென்றுவரலாம். அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. போரினால் நெடுங்காலம் தடைபட்ட புனித அந்தோனியார் திருவிழா 2010 முதல் மீண்டும் நடைபெறலாயிற்று. இராமேசுவரத்திலிருந்து செல்வோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வருவோரும் ஒரே திருப்பலியில் நிற்கின்றனர். பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் வாழ்ந்த இரு கரையினர் ஆண்டுக்கு இரு நாள்கள் முகம் பார்த்துக்கொள்கின்றனர். அதுவும் உறுதியான கதவன்று. மீனவர் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 2024-இல் இராமேசுவரம் மீனவர் திருவிழாவுக்குச் செல்லாமல் நின்றனர். அரசுகளிடையே கசப்பு எழும்போது முதலில் சாத்தப்படுவது உறவின் கதவே.

நாடுகளுக்கு எல்லை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வருவோர் யாரென அறிய அரசுக்கு உரிமையும் கடமையும் உண்டு. ஆனால் அறிவது வேறு, ஐயுறுவது வேறு. விண்ணப்பித்தவர் ஏழை என்பதாலோ, இளைஞர் என்பதாலோ, மணமாகாதவர் என்பதாலோ திரும்பிப் போகமாட்டார் என்று முன்கூட்டியே தீர்ப்பிடுவது அறிதலாகாது. மறுத்தால் காரணம் சொல்வதும், முறையீட்டைக் கேட்பதும், சாவுக்கும் மணத்திற்கும் காலம் தாழ்த்தாதிருப்பதும் எந்த நாட்டின் பாதுகாப்பையும் குலைத்துவிடா.

நம்மாலும் ஆவன சில உண்டு. விண்ணப்பத் தாளைக் கண்டு திகைத்து நிற்கும் குடும்பத்திற்குப் படித்தவர் உதவலாம். மறுக்கப்பட்டவர் ஏதோ குற்றம் செய்தவர் என்று ஊர் பேசும்போது நாம் மறுத்துப் பேசலாம். நம் ஊருக்கு வரும் அயலாரை ஐயத்தோடு நோக்கும் பழக்கத்தை நாமே முதலில் விடலாம். இவை சிறு அடிகளே. பெர்லினில் அந்தப் பதினெட்டு நாள்களும் சிறு அடிதான். அது சுவரை இடித்துவிடவில்லை. ஆனால் சுவரின் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் மறந்துபோகாமல் காத்தது. மறவாதிருந்ததால்தான், சுவர் திறந்த அந்த நவம்பர் இரவில் முன்பின் அறியாதவர்களும் தெருவில் ஒருவரையொருவர் தழுவிக்கொள்ள முடிந்தது.